கிணற்றுக்குள் ஒரு வாரேன்

பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிற கருப்புசாமியின் வீட்டு பீரோவுக்குள் ஆயிரத்துச் சொச்சம் பேர் செத்து மடிந்து கிடந்தார்கள். மேல் தட்டில் ஆண்கள், நடுத் தட்டில் பெண்கள், கீழ்த் தட்டில் அகால மரணம். எல்லாம் சுவரிலிருந்து உரித்து வந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். பீரோ வாங்கியது என்னவோ அவர் சம்சாரம் மயிலாத்தாளின் சேலைகளுக்காகத்தான். பாவம் மனுசி, அவள் சேலைகள் இருபத்திரண்டு வருசமாகக் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் குடித்தனம் செய்கின்றன.

உரிப்பதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியாமல் எந்தப் போஸ்டரையும் தொடமாட்டார். அதுவரைக்கும் அது துக்க வீட்டுக்காரர்களுடையது, அதற்குமேல் சுவருடையது என்பார். விடிந்ததும் வண்டியில் கிளம்பி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி ஊறவைத்து, காயில் சொருகுகிற மூங்கில் பட்டையால் ஓரத்திலிருந்து நெம்புவார். ஒரு கிழிசல் விழாது. காலமெல்லாம் கோவணத்தோடு காட்டில் கிடந்த கிழவனின் தலையைக் கம்ப்யூட்டரில் வெட்டி யாரோ ஒருத்தன் கோட்டு சூட்டின் மேல் ஒட்டியிருப்பான். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எதற்கு இதையெல்லாம் சேர்க்கிறாய் என்று கேட்டால் இன்னொரு போஸ்டரை எடுத்து விரித்துக் காட்டுவார்.

காயில் கம்பெனியில் அவருக்குச் 'சாவுச் சாமி' என்று பேர். முன்பு வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பீரோவைப் பார்த்த அன்றைக்கே, ஆடி மாசம் என்றுகூடப் பார்க்காமல் சாமானை வாசலில் எடுத்து வைத்தார். ஆடியில் யாராவது வீடு மாற்றுவார்களா? கருப்புசாமி மாற்றினார். அந்த வலியினாலோ என்னவோ, மற்றவர்கள் எதைச் சேர்த்தாலும் அவர் சிரிக்கமாட்டார். பஸ் டிக்கெட் சேர்க்கிறவனுக்கு டிக்கெட் கொண்டுவந்து கொடுப்பார். தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவனை உட்காரவைத்து டீ வாங்கித் தருவார். "ஆளுக்கொரு கிறுக்கு இருக்கோணுமுங்க, இல்லீன்னா மனுசன் மரத்துப் போவான்" என்று தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பேச்சு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக் கொடியிலேயே வந்து தொங்கியது. நீல நிறத்தில் தடித்த கயிறு, முழுக்கச் செம்மண்.

"இதென்ன கயிறு கண்ணு?"

மகள் செவ்வந்தி ஆபீஸிலிருந்து வந்து அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வயசு இருபத்தைந்து.

"கெணத்துல எறங்கறதுக்குங்கப்பா" என்றாள், துண்டை எடுத்துக்கொண்டே.

"எந்தக் கெணத்துல?"

"பாழுங்கெணறுகதானுங்க. அவிநாசி, சேவூர் பக்கமெல்லாம் தண்ணி வத்துன கெணறு நெறையக் கெடக்குது. நானும் ஆபீஸ் பிரண்டு அஃப்ஷீனும் ஞாயித்துக்கெழமையானாப் போவோம். அவ மேல கயிறு புடிப்பா, நான் எறங்குவேன்."

"எறங்கி?"

"சத்தம் சேக்கறனுங்கப்பா. ஒவ்வொரு கெணறும் நம்ம சொல்றதை ஒவ்வொரு மாதிரி திருப்பிச் சொல்லும். எல்லாக் கெணத்துலயும் ஒரே வார்த்தையைச் சொல்லி ரெக்கார்டு பண்ணி வெக்கறேன்."

என்ன வார்த்தை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குள் கயிற்றைக் கொடியிலிருந்து உருவிக் கீழே போட்டுவிட்டார்.

கருப்புசாமியைப் பெற்ற அய்யன் கிணற்றில் தூர் எடுக்கிறவர். அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஆளுகளோடு லாரியேறி, கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போவார். பன்னிரண்டு வயதில் கருப்புசாமியும் ஒருமுறை கூடப் போனான். அவிநாசியைத் தாண்டி அக்கட்டத்தில் ஏதோ ஒரு தோட்டம். மத்தியானம் தூக்குப்போசியில் கம்மஞ்சோற்றோடு மேட்டில் நின்று, "அய்யா, சோறு" என்று கத்தினான். கிணற்றுக்குள்ளிருந்து "வாரேன்" என்று குரல் வந்தது. பையன் துண்டை விரித்து, சோற்றைப் போட்டு, பச்சை மிளகாயை ஓரத்தில் வைத்து உட்கார்ந்தான். சோற்றில் எறும்பு ஏறியதுதான் மிச்சம். விசக்காற்று அடித்து அய்யனும், அவரைத் தூக்க இறங்கிய இரண்டு பேருமாக மூன்று பேர் உள்ளேயே போய்விட்டார்கள். தோட்டத்துக்காரர் அவசரப்படுத்தினார் என்று காலையில் விளக்கு இறக்கிப் பார்க்காமலே இறங்கியிருந்தார் அய்யன். அய்யனுக்குப் போஸ்டரும் இல்லை, ஒட்டுவதற்கு ஒரு போட்டோவும் இல்லை. எந்தத் தோட்டம், எந்தக் கிணறு என்பதுகூட இன்றைக்கு வரைக்கும் கருப்புசாமிக்குத் தெரியாது. அதற்குப்பின் அவர் எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்த்ததில்லை. கிணற்று மோட்டாரைக்கூட மேலே தூக்கிக் கம்பெனிக்குக் கொண்டுவந்து போட்டால்தான் தொடுவார்.

"இன்னிமேல் போவக்கூடாது" என்றார். குரல் அவருக்கே அன்னியமாகக் கேட்டது. "அந்தக் கயித்தைத் தீ வெச்சுப்போடுவேன்."

சமையலறையிலிருந்து மயிலாத்தாள் வந்தாள். கையில் கரண்டி.

"ஏனுங்க, ஆளுக்கொரு கிறுக்கு இருக்கோணும்னு ஊரெல்லாஞ் சொல்றீங்களே, அந்த ஆளுல நான் பெத்த என்ற புள்ள சேர்த்தி இல்லீங்களா?"

"இது கிறுக்கில்ல, சாவு. உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும். சாவைப் பத்தி என்றகிட்டப் பேசாதீங்க. இருவத்திரண்டு வருசமா அந்த பீரோவுக்குப் பக்கத்துலதான் தலைவெச்சுப் படுத்திருக்கறேன்."

"அது வெறுங் காயிதம்."

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஊட்டுல உழுந்து பொரண்டு அழுதிருக்காங்க, அப்பறந்தான் அது காயிதமாச்சு. நான் ஏதாச்சுஞ் சொன்னனா? என்ற தம்பி கலியாணத்துக்கு வந்த சொந்தபந்தம், ஒரம்பரைக எல்லாம் பீரோவைப் பாத்துப்போட்டு இந்த ஊட்டுல தண்ணிகூடக் குடிக்காமப் போனாங்க. அப்பவுஞ் சொல்லலை. நீங்க சேத்த ஆளுகள்ல ஒருத்தரும் எந்திரிச்சு வாரதில்லை. இவ எறங்குன கெணத்துலருந்தெல்லாம் ஏறி வந்துட்டா. முப்பத்தேழு கெணறு."

முப்பத்தேழு என்ற எண்ணைக் கேட்டதும் அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பத்தேழு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கோ ஒரு சுவரில் போஸ்டர் நெம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளை பாழுங்கிணற்றில் தொங்கியிருக்கிறது.

"இந்த ஞாயித்துக்கெழமை அஃப்ஷீன் வரமாட்டா, அவ ஊட்டுல கலியாணம்" என்றாள் மயிலாத்தாள். "நீங்க போயிக் கயிறு புடிங்க. இல்லீன்னா இவ தனியாப் போவா. உங்க ரத்தம், சொன்னாக் கேக்கவா போவுது?"

இரண்டு நாள் கருப்புசாமிக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் போஸ்டர் வந்தது. மேலே 'தோற்றம்', கீழே 'மறைவு', நடுவில் செவ்வந்தியின் ஆபீஸ் அடையாள அட்டைப் படம். அதைக் கீழ்த் தட்டில் வைப்பதா என்றுகூடப் புத்தி ஓடியது. சீ, என்ன மனசு இது என்று எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிறு காலை அரிசிம்பருப்புச் சோற்றை டப்பாவில் கட்டிக்கொடுத்தாள் மயிலாத்தாள். வண்டியில் அப்பனும் மகளும் அவிநாசி தாண்டி வடக்கே போனார்கள். ஆடிக் காற்று வண்டியை ரோட்டோரத்துக்குத் தள்ளியது. போய் இறங்கியது ரங்கராஜ் என்பவருடைய தோட்டத்தில். அவர் திருப்பூரில் இருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சென்னிமலை என்ற பெரியவர், வயசு அறுபதுக்கு மேலே, வேலியோரமாக எழுந்து வந்தார்.

"ஏனுங் அம்மணி, போன் பண்ணுனது நீங்கதானுங்களா? மொதலாளி சொன்னாரு." கருப்புசாமியைப் பார்த்தார். "நீங்க அப்பாவுங்களா? இதெல்லாம் ஒரு வெளையாட்டுங்களா? போன வருசம் ஒரு வெள்ளாடு உழுந்துச்சு. எடுக்கக்கூட எவனும் எறங்கலீங்க."

இதைத்தான் கருப்புசாமியும் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வேற்று ஆள் வாயிலிருந்து கேட்டதும் சுருக்கென்றது.

"ஆளுக்கொண்ணுங்க" என்றார். "நீங்க ஆடு வெச்சிருக்கறீங்க, அவ சத்தம் வெச்சிருக்கறா."

"நீங்க ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?"

"எங்கூட்டுல ஒரு பீரோ இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

சதுரக் கிணறு. மேலே கல் கட்டு, கீழே வெட்டுப்பாறை. சுவரில் நீட்டிவைத்த கல் படிகள் பாதி ஆழம் வரைக்கும் இறங்கின. அதற்குமேல் படி இல்லை. மோட்டார் ரூம் கூரை எப்போதோ போய்விட்டது, கான்கிரீட் தூண் மட்டும் நின்றது. செவ்வந்தி கயிற்றை அதில் சுற்றி முடிச்சுப் போட்டாள். கருப்புசாமி அந்த முடிச்சை நான்கு தரம் இழுத்துப் பார்த்தார். கிணற்றுப் பக்கம் மட்டும் பார்வை போகவில்லை.

"முந்தியெல்லாம் அஞ்சு ஏக்கர் பாயுமுங்க இந்தத் தண்ணி" என்றார் சென்னிமலை. "தேனாட்ட இருக்கும். நீங்க குடிச்சதில்லையே?"

"எங்கய்யன் இந்தப் பக்கமெல்லாம் கெணத்துல தூரெடுத்திருக்காருங்க. தண்ணி எடுக்க உட்டதில்லை."

சென்னிமலை அந்தப் பக்கம் திரும்பி ஆட்டை அதட்டினார்.

மகள் இடுப்பில் வார் மாட்டி, கயிற்றின் மறு நுனியை அதில் கோத்துக்கொண்டாள். கைக்கடக்கமான ஒரு மஞ்சள் பெட்டியைக் காட்டி, "கெட்ட காத்து இருந்தா இது கத்துமுங்கப்பா" என்றாள்.

"பெட்டி இருக்கட்டும்" என்று அவர் பையிலிருந்து ஒரு வார்னிஷ் டப்பாவை எடுத்தார். இராத்திரி உட்கார்ந்து பக்கமெல்லாம் ஓட்டை போட்டு, உள்ளே மெழுகுவர்த்தி நட்டு வைத்திருந்தார். முதலில் வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்துச் சணல் கயிற்றில் கட்டி இறக்கி, ஏற்றி, இறக்கி, அடியில் தேங்கிய காற்றைக் கலக்கினார். அய்யன் கை செய்த வேலை அது. நாற்பது வருசம் கழித்து அவர் கைக்கு அப்படியே வந்தது. பிறகு டப்பாவை இறக்கினார். அவர் கண்ணை மூடிக்கொள்ள, மகள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"எரியுதுங்கப்பா. அசையாம எரியுது."

"கால் மணி நேரம் இருக்கட்டும்."

அவள் கால் மணி நேரமும் நின்றாள். பிறகு சொன்னாள்:

"நான் கீழ போனதும் ஒருக்கா இழுப்பேன். ரெண்டு தரம் இழுத்தா ஏறி வாரேன்னு அர்த்தம், நீங்க மிச்சக் கயித்தைச் சுருட்டிக்கிட்டே வரோணும். வாயில சொல்றதைக் கணக்குல எடுக்காதீங்க. கெணத்துக்குள்ள பேச்சுக் கலைஞ்சுபோயிரும். ரெக்கார்டு பண்றப்பக் கூப்படாதீங்க. சரீங்களா?"

சரி என்று தலையாட்டினார். அவருக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறியிருக்கவில்லை.

செவ்வந்தி படியில் இறங்கினாள். தலை மறைந்தது. கயிறு அவர் உள்ளங்கையில் நழுவி நழுவிப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒருமுறை வெட்டி இழுத்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. மேலே காற்று பனைமட்டைகளைப் போட்டு அடித்தது. கிணற்றுக்குள் அதில் ஒரு பிடிகூட இறங்காது என்பது அவருக்குத் தெரியும். சென்னிமலை பீடி பற்றவைத்துக்கொண்டு, மோட்டார் போட்டது, போர் போட்டது, ரங்கராஜின் அப்பா காலமானது என்று பேசிக்கொண்டே போனார். வேறொரு நாளென்றால் அந்தப் போஸ்டர் எங்கே ஒட்டினார்கள் என்று கருப்புசாமி கேட்டிருப்பார். இன்றைக்குக் காது முழுக்கக் கிணற்றில் இருந்தது.

அப்போது கேட்டது.

"வாரேன்."

பாறையில் நாலு பக்கமும் மோதி, தடித்து, ஆணா பெண்ணா என்று தெரியாத குரலாக மேலே வந்தது. வாரேன்... ரேன்... திடுக்கிட்டதில் கருப்புசாமியின் கால் பட்டு, பக்கத்தில் வைத்திருந்த சோற்று டப்பா உருண்டது. கருமம் பிடித்த இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம் அல்லவா? கிளம்பிப் போகிறவரும் வாரேன் என்பார், திரும்பி வருகிறவரும் வாரேன் என்பார். அன்றைக்கு அய்யன் சொன்னது எந்த வாரேன் என்று நாற்பது வருசமாக அவருக்குத் தீரவில்லை. இது மகள் குரல், ஏறி வருகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கயிற்றை விசையாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

கயிறு வந்தது. லேசாக வந்தது. பத்தடி, இருபதடி, தடையே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ஏறி வருகிற ஆள் இருந்தால் ஒரு அசைவாவது இருக்க வேண்டுமே என்று கை சொன்னது, ஆனாலும் கை நிற்கவில்லை. கடைசியில் கயிற்று நுனி கல்லில் உரசி மேலே வந்தது. அதில் செவ்வந்தியின் பை மட்டும் மாட்டியிருந்தது. பைக்குள் மஞ்சள் பெட்டி கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது.

"கண்ணு! செவ்வந்தி!"

பதில் இல்லை. கிணறு அவர் குரலைத்தான் திருப்பிக் கொடுத்தது. இன்னொரு தரம் கத்தினார். அதற்கும் ஒன்றுமில்லை.

"ஓடுங்க" என்றார் சென்னிமலையிடம். "பக்கத்துத் தோட்டத்துல யாரிருந்தாலும் கூட்டியாங்க. என்ற புள்ளைக்கு விசக்காத்து அடிச்சுப்போச்சு."

சென்னிமலை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். கருப்புசாமி கயிற்றைத் திரும்பக் கிணற்றுக்குள் வீசினார். ஆட்கள் வரும்வரை நிற்கவேண்டும், காற்றடித்தவரைத் தூக்க இறங்குகிறவரும் செத்துப்போவார், அய்யனோடு போன இரண்டு பேரும் அப்படிப் போனவர்கள்தான். எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே செருப்பைக் கழற்றிப்போட்டு முதல் படியில் கால் வைத்தார். சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் "சாமி, சாமி" என்று இறங்கினார். படி தீர்ந்ததும் கயிற்றைப் பிடித்துத் தொங்கி, உள்ளங்கை தோலுரியச் சறுக்கி, காய்ந்த சேற்றில் பொத்தென்று விழுந்தார்.

அவிந்துபோகாமல் மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் மகாராணி.

பழைய கிணறுகளின் சத்தம் போனிலிருந்து அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது; அவர் விழுந்த அதிர்வில்தான் கண்ணைத் திறந்து ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"அப்பா? நீங்க எப்பிடி... ஐயோ, கையெல்லாம் ரத்தம்."

அவள் தலையை, தோளை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓங்கி ஒரு அறை வைக்கக் கையைத் தூக்கினார். கை பாதியிலேயே நின்று அவள் தலைமேல் இறங்கியது. அழுதார். ஐம்பத்திரண்டு வயசு ஆம்பிளை, சேற்றில் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதார்.

"பெட்டி கத்துச்சே" என்றார் கடைசியில்.

"பேட்டரி தீரப்போவுதுன்னா அப்பிடித்தான் கத்துமுங்கப்பா. ரெக்கார்டுல அந்தச் சத்தம் உழுவுதுன்னு பையில போட்டு, இடுப்புல இருந்து கழட்டுன கயித்துல மாட்டி அக்கட்ட வெச்சேன். என்ற தப்புத்தான். நீங்க ஏன் கயித்தை இழுத்தீங்க? நான் ரெண்டு தரம் இழுக்கவே இல்லியே?"

"வாரேன்னியே."

செவ்வந்தி அவர் உள்ளங்கையைத் திருப்பி ரத்தத்தைத் துடைத்தாள்.

"அதுதானுங்கப்பா நான் எல்லாக் கெணத்துலயுஞ் சொல்ற வார்த்தை" என்றாள். "சின்னதுல நீங்க ஒருக்காச் சொன்னீங்க. உங்கய்யன், என்ற அப்பாரு, உள்ள இருந்து வாரேன்னாருன்னு, எந்தக் கெணறுன்னுந் தெரியாதுன்னு. அப்பாரு போட்டோவும் இல்லை. இந்தப் பக்கத்துல இருக்கற கெணத்துலயெல்லாம் எறங்கிச் சொல்லிப் பாத்தா, அதுல ஒண்ணு அந்தக் கெணறா இருக்குமில்லீங்களா? அன்னைக்கு உங்க காதுல எப்பிடி உழுந்திருக்கும்னு கேக்கோணும்னுதான் எறங்குனேன். உங்ககிட்டச் சொன்னா உடமாட்டீங்கன்னு சொல்லலை."

கருப்புசாமி நிமிர்ந்து பார்த்தார். மேலே சதுரமாக வானம், அதில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. அய்யன் கடைசியாகப் பார்த்ததும் இந்த அளவு வானம்தான். ஆயிரம் ஊராரின் போட்டோவைச் சேர்த்துப் பூட்டி வைத்தவர், தன் வீட்டில் இல்லாத ஒன்றுக்குத்தான் அத்தனையும் என்று அந்தச் சேற்றில் உட்கார்ந்துகொண்டு ஒப்புக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. பிள்ளைக்கு அது முன்னாலேயே தெரிந்திருந்தது.

"உங்கம்மா சொன்னது நெசந்தான்" என்றார். "எனக்குத்தான் புத்தி பத்தலை. ஆனா பயமாத்தான் இருக்குது கண்ணு. இப்பவும் நெம்பப் பயமா இருக்குது."

"எனக்கும் ஒவ்வொரு தரமும் பயந்தானுங்கப்பா." அவள் ரெக்கார்டரைக் கையில் எடுத்தாள். "ரெக்கார்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. நீங்க ஒண்ணு சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது?"

"உங்களுக்கு வாரதைச் சொல்லுங்க."

மெழுகுவர்த்தி கடைசி விரற்கடைக்கு வந்திருந்தது. அவர் எழுந்து நின்று, மேலே பார்த்து, அந்தப் பன்னிரண்டு வயசில் மேட்டில் நின்று கத்தியதுபோல உரக்கக் கூப்பிட்டார்.

"அய்யா, சோறு போட்டு வெச்சிருக்கறேன். வாங்க."

வாங்க... ங்க... என்று பாறை சொல்லி அடங்கியது.

அது அடங்கிய பிறகு, வானத்துச் சதுரத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் நிதானமாகப் பதில் சொன்னது.

"வாரேனுங்க."

கருப்புசாமி மகளின் கையை நொறுங்கப் பிடித்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு சென்னிமலை திரும்பி வந்திருக்கிறார், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதில் கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் பிடியைத் தளர்த்தவில்லை. செவ்வந்தி இன்னொரு கையால் ரெக்கார்டரை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அதை நிறுத்த வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார்.